முடிச்சூரில் முகாந்திரம் தேடிய கதை

வக்கீல் தொழிலில், முழு உண்மையும் தெரிந்த பிறகு முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தால் அதற்குள் கட்சிக்காரரின் வீட்டை இடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் முகாந்திரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். முதல் பார்வைக்கு நியாயம் யார் பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது? அதை வைத்து இப்போதைக்கு ஓர் உத்தரவு. மாறாக ஏதாவது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றிருக்கும் உங்களுக்கு, இந்த ‘இப்போதைக்கு’ எத்தனை வருஷம் ஓடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ரயிலில் போய்வந்த ஜூனியர். கேஸ் இல்லாத ஜூனியர்களுக்கு அவ்வப்போது கமிஷனர் வேலை கிடைக்கும். வழக்கிலுள்ள இடத்துக்கே போய், அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இடம் யாருடையது, யார் குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் நாம் சொல்லக் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். சுலபமான வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

திடீர் வாழைத்தோப்பு

அப்படி எனக்கு வந்த ஒரு வழக்கில் மனுப் போட்டவர் ஸ்டெல்லா அக்கா, சித்தாள் வேலை செய்பவர். கணவர் தேவராஜ் முடிச்சூரில் ஒரு நிலக்காரரிடம் பம்ப்செட் பார்த்துக்கொண்டிருந்து இறந்துபோனவர். அக்கா குடியிருப்பதாகச் சொன்னது, அந்த நிலத்தின் மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. நிலக்காரரும் போய்ச்சேர்ந்தார். அவர் மகன் தாமோதரன் வயலை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டார். அந்த வீட்டில் யாருமே குடியில்லை, அது பழைய பம்ப்செட் கொட்டகை, இடித்துவிடுவேன் என்றார். இடிக்கக் கூடாது என்று ஸ்டெல்லா அக்கா தடை கேட்டார்.

கமிஷனர் எந்தத் தேதியில் வருவார் என்று இரு தரப்புக்கும் முன்னதாகவே நோட்டீஸ் போகும். கல்யாண வீடுபோல் அலங்காரம் செய்துவைக்க அது போதாதா? நான் போனபோது வீட்டைச் சுற்றிலும் குலை தள்ளிய வாழை மரங்கள். நிலம் விவசாயத்தில், தன் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்ட தாமோதரன் எங்கிருந்தோ பெயர்த்து வந்து நட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் அத்தனையும் தலை தொங்கி நின்றன. ஒன்றைத் தொட்டேன், என்மேலேயே சாய்ந்துவிட்டது. அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே தாமோதரன் சொன்னார்: “கொஞ்சம் சோர்ந்து கீது சார். தண்ணி ஊத்துனா எந்திரிச்சிக்கும்.”

பாத்திரத்தில் பெயர்

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளேயும் அலங்காரம்! பளபளவென்று எவர்சில்வர் குடங்கள், தூக்குகள், தாம்பாளங்கள். நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக்கொள்வோமே, குனிந்து படித்தேன். ஒன்றில் சரோஜா, ஒன்றில் எம்.லலிதா, இன்னொன்றில் ‘ராணிக்கு அத்தை அன்பளிப்பு’. ஸ்டெல்லா என்று ஒரு கரண்டியில்கூட இல்லை.

முதல் பார்வைக்கு இது குடியிருக்கும் வீடே இல்லை, ஜோடித்த வீடு. கண்ணில் பட்டதை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினேன். ஸ்டெல்லா அக்கா அதைப் பார்த்துவிட்டார். கொல்லைப்புறம் ஓடி, கோணிக்கு அடியிலிருந்து கரிபிடித்த இரண்டு அலுமினியச் சட்டிகளை எடுத்துவந்து காட்டினார். “என்னுது இதான் சார். இத வச்சிகினு கீறவள கோர்ட்டு மதிக்குமான்னுதான் அக்கம்பக்கத்துல வாங்கியாந்து அடுக்கினேன்.”

நீதிபதி கேட்ட கேள்வி

நீதிபதி ஒரு பெண்மணி. அதிர்ந்து பேச மாட்டார். என் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தாமோதரனின் வக்கீல் வெளுத்து வாங்கினார். கடன் பாத்திரம், பொய் வழக்கு, தள்ளுபடி செய்யுங்கள் என்று ஒரே முழக்கம். நியாயமான வாதம்தான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஸ்டெல்லா அக்கா பொய் சொல்கிறாரோ என்று தோன்றிவிட்டது.

நீதிபதி முழுவதையும் படித்தார். வாழை ஜோடனை, பாத்திரம் ஜோடனை, ஒன்றுக்கொன்று கழித்துவிடலாம் என்றார். பொய்யான சாட்சியம் காட்டினார் என்பதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது, பயந்தவர்களும் ஜோடிப்பார்கள் என்றார். மலைத்துப்போனேன். என்னைத் திரும்பிப் பார்த்து அவர் கேட்டதை இன்றுவரை மறக்கவில்லை: “மிஸ்டர் கமிஷனர், கொண்டுவந்து வைக்க முடியாதது, எடுத்துட்டுப் போக முடியாதது ஏதாவது அந்த வீட்ல இருக்கா? திரும்பப் போய்ப் பாருங்க.”

எண்ணெய்க் கறை

மறுபடியும் போனேன். வாழைகள் சருகாகிக் கிடந்தன. பாத்திரங்கள் அவரவர் வீட்டுக்குப் போயிருந்தன. காலி அறையில்தான் சுவர் கண்ணில் பட்டது. அடுப்புக்கு மேலே கூரைவரை கெட்டியாகப் புகைக்கரி. எதிர்ச்சுவரில், ஆள் உட்கார்ந்தால் தலை சாயும் இடத்தில், எண்ணெய் ஊறிய வட்டக் கறை. நம் வீடுகளில் எல்லாம் இருப்பதுதான், பார்த்தால் முகம் சுளிப்போம். ஸ்டெல்லா அக்காவை உட்காரச் சொன்னேன். தலை அச்சாகப் பொருந்தியது.

பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு கறை. யாருடையதோ என்று நான் குனிந்து பார்க்கும்போதே வாசலில் நின்ற தாமோதரன், “அது தேவராஜண்ணன் சாயிற எடம். மோட்டார போட்டுட்டு வந்து அங்கதான் குந்தும்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. யாருமே குடியில்லாத கொட்டகை என்று பதில் மனுவில் கையெழுத்துப் போட்டவர் அவர். மறுத்துவிடுவார் என்று பார்த்தேன். உள்ளே வந்து கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எய்திக்கோ சார். கண்ணுக்கு நேரா கீறத இல்லன்னு எப்டி சொல்றது?”

இரண்டு வாக்கு

அதுவரை அவர் எனக்கு வில்லன்தான். மனைக்கல்மேல் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. சாகும்போது அப்பா, அந்த மூலை தேவராஜ் குடும்பத்துக்கு என்று சொல்லியிருக்கிறார். அது தெரியாததுபோல் தாமோதரன் அதே மூலையை மனைவியின் அண்ணனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதை நம்பி அந்த மச்சான் அனகாபுத்தூரில் இருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு, குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். எந்த வாக்கைக் காப்பாற்றினாலும் இன்னொன்று உடையும்.

அக்காவுக்குத் தடை உத்தரவு கிடைத்தது. இது முதல் நோக்கில் மட்டுமே, விசாரணையில் வேறாகத் தெரிந்தால் இதே கோர்ட் வேறாகச் சொல்லும் என்று நீதிபதி எழுதினார். அன்று தாமோதரன் கூண்டருகே வந்து, தான் யாரிடம் பொய்யனாவது என்று நேராகவே கேட்டுவிட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு நீதிபதி சொன்னார்: “ரெண்டு வாக்கும் நிஜம்தான். ஒண்ணு பெருசாத் தெரியுதுன்னு இன்னொண்ணு இல்லாமப் போயிடாது. அதுக்கு நீங்க வேற ஏதாவது செஞ்சாகணும்.”

வெள்ளையடிப்பு

தாமோதரன் செய்தார். தனக்கென்று ஒதுக்கிவைத்திருந்த ரோட்டோர மனையை மச்சானுக்குக் கொடுத்தார். மூலையை ஸ்டெல்லா அக்கா பெயருக்கு எழுதி, சமரசமாகிவிட்டோம் என்று ராஜி மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார். சுவரெல்லாம் பால் வெள்ளை, அந்த இரண்டு கறைகளை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி அடித்திருந்தார். கணவரின் நினைவுக்காகவா என்று கேட்டேன். “அதுவும்தான் சார். பட்டா பத்திரம் இன்னா வேணா சொல்லட்டும், நாளைக்கே வேற ஒரு கமிஷனர் பாக்க வந்துட்டா?”

ஜெயித்த பிறகும் முகாந்திரத்தை அழிக்காமல் வைத்திருந்த கட்சிக்காரரை நான் என் தொழிலில் வேறெங்கும் பார்த்ததில்லை.