கேமராவுக்கு விட்ட ஒரு சொட்டு எண்ணெய்

என் மனைவிக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்து பத்து வருடம் ஆகிறது. கட்டியை எடுத்துவிட்டார்கள், அதோடு குரலும் போய்விட்டது. இப்போது அவள் பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் இருந்தால் புரியும், அடுத்த அறைக்குக் கேட்காது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். இதைப் பற்றி அவள் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. நான் தினமும் டைரி எழுதுகிறவன். குறைப்பட்டிருந்தால் அதில் இருந்திருக்கும்.

சென்ற ஆடியில் ஒருநாள் காலை, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சுங்க. எதுலயாச்சும் இருக்கா?"

வீட்டில் என்னென்ன பதிவுகள் உண்டு என்பதற்கு என்னிடம் பட்டியல் இருக்கிறது. அன்றே எடுத்துப் பார்த்தேன். எங்கள் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரை சினிமாப் பாட்டு ஒட்டியிருந்தார்கள். மகளுக்குக் காது குத்தியதை எடுத்ததில் ஒலிபெருக்கியின் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. ஆபரேஷன் வரைக்கும் வீட்டில் இருந்தது பட்டன் போன். மிச்சம் இருந்தது நான்காம் எண் கேசட். அது கேமராவுக்குள் சிக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமரா சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் போடுவது. எங்கள் வீட்டை ஒட்டி நான்கு விசைத்தறிகள் ஓடும் கூடம் உண்டு. ஒரு சமயம் மூன்றாம் தறியில் இடது ஓரத்துப் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், ஓயாமல் அறுந்தது. தறி மெக்கானிக் வந்தால் மட்டும் அறுவதில்லை. அதனால் தறி ஓடுவதை இரண்டு நாள் வீடியோ எடுத்தேன். இரண்டாம் நாள் கேமரா ஒருமுறை முனகிவிட்டு நின்றது. மூடி பாதி திறந்தது, கேசட் வரவில்லை. மஞ்சள் பையில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். பழுதான பொருளைத் தூக்கிப்போடும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த இரண்டு நாளும் அவள் தறிக்கூடத்தில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள்.

பாளையம்பட்டியில் டிவி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன் என்னோடு பள்ளியில் படித்தவன். மறுநாள் பையை எடுத்தபோது அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். டவுன் பஸ்ஸில் போனோம்.

நண்பன் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏலே, இதைப் பழைய இரும்புக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டானேடா."

"கேமரா வேண்டாம். கேசட் மட்டும் அறுபடாம வரணும்."

"அப்படி என்னத்தைப் பிடிச்சு வச்சிருக்கெ அதுல?"

நான் சொன்னேன். அவன் அவளைப் பார்த்தான். பிறகு விசிறியை அணைத்தான். வெயிலில் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் விசிறி இல்லாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. "காத்துக்கு டேப்பு ஆடும். உக்காருங்க தங்கச்சி," என்றான்.

பதினொரு திருகாணிகள். அவன் கழற்றக் கழற்ற, எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு தாளில் கேமராவின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வைத்தேன். உள்ளே, பழைய ஒரு ரூபாய் நாணய அளவில் பளபளவென்று ஓர் உருளை. கேசட்டிலிருந்து டேப்பு வெளியே வந்து அந்த உருளையைச் சுற்றியிருந்தது. அதைச் சுற்றிவிடவும் திரும்ப உள்ளே தள்ளவும் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். நண்பன் குத்தூசியால் சக்கரத்தை நெம்பினான். அசையவில்லை.

"உள்ள என்னடா இது, சாம்பல் நெறத்துல, பசை மாதிரி?"

கொஞ்சம் வழித்துக் காட்டினான். என் மனைவி அதை விரலில் வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

"தறிப் பஞ்சுண்ணே," என்றாள். "எண்ணெய்ல ஊறின பஞ்சு. எங்க தறிப் பல்லுலயும் இப்படித்தான் அப்பிக்கிடக்கும்."

"பஞ்சு சரி, தறி வீட்டுல பறக்கத்தான் செய்யும். கேமராவுக்குள்ள எண்ணெய் எப்படித் தங்கச்சி வரும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓட்டுவதில்லை. அன்றைக்குத்தான் தறிகளைத் துடைத்து எண்ணெய் விடுவது. தறிக்கு விட்ட பின் ஊடை நூலைக் குழலில் சுற்றும் தார் மிஷினுக்கு, தையல் மிஷினுக்கு, கதவுக் கீலுக்கு என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். கேமரா வந்த பிறகு அதையும் வரிசையில் சேர்த்தேன். ஓடுகிற பொருள் எதுவானாலும் மாதம் ஒரு சொட்டு வேண்டும் என்பது என் எண்ணம். டைரியிலும் இருக்கிறது: 'தறி நான்கு, தார் மிஷின், தையல் மிஷின், கீல், கேமரா ஒரு சொட்டு.' ஏழு அமாவாசைக்கு எழுதியிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் நண்பன் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பொண்டாட்டி காதுல விடாம இருந்தியேடா, அது வரைக்கும் நல்லது!"

அவளும் சிரித்தாள். அவள் சிரித்தாலும் தோள்தான் குலுங்கும், சத்தம் வராது.

பல் குத்தும் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு சக்கரத்தைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினான். டேப்பு தளர்ந்தது. ஆனால் உருளையை ஒட்டிய இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கில் பிடித்துக்கொண்டு வரவில்லை. அவன் இடுக்கியை எடுத்தான். டேப்பின் ஓரம் மடங்கியது. அவன் நிறுத்திக்கொண்டான்.

"இழுத்தா பிஞ்சிரும். பிஞ்சா ஒட்டலாம், ஆனா ஒட்டின எடத்துல உள்ளது போச்சு. என்ன செய்ய? நீயே சொல்லு."

அந்த ஒரு விரல் நீளத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

என் மனைவி எழுந்து வந்து பெஞ்சுக்கு எதிரில் நின்றாள். கைகளைச் சேலையில் துடைத்தாள். முந்தியின் ஓரத்திலிருந்து ஒற்றை இழையை உருவினாள். சின்தடிக் சேலை, தூசி விடாத இழை. அதன் இரண்டு நுனிகளையும் இரண்டு கைகளில் பிடித்து விறைப்பாக்கி, டேப்புக்கும் உருளைக்கும் இடையில், டேப்பு ஒட்டாமல் விலகியிருந்த பக்கமாக நுழைத்தாள். பாவு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவள் இப்படித்தான் பிரிப்பாள். இழையை அறுப்பது போல இழுக்கவில்லை. இந்தக் கையில் கொஞ்சம் விட்டு, அந்தக் கையில் கொஞ்சம் வாங்கி, நகர்த்திக்கொண்டே போனாள். வாசலில் ஒரு லாரி போனது. அது போகும்வரை கையை அசைக்காமல் நின்றாள். பிறகு மறுபடி. டேப்பு மெதுவாக விலகிச் சரிந்தது.

"அடியில உள்ள சக்கரத்தைச் சுத்துங்கண்ணே," என்றாள். நண்பன் சுற்ற, டேப்பு முழுவதும் கேசட்டுக்குள் போனது. ஓரத்தில் ஒரு மடிப்பு மட்டும் தெரிந்தது.

பந்தல்குடியில் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அதே கேசட் போடும் கேமரா இருந்தது. நண்பன் அதை வாங்கி வைத்துவிட்டு நான்காம் நாள் கூப்பிட்டான். கடை டிவியில் இணைத்துப் போட்டான்.

தறி தெரிந்தது. நான்கு தறிகளின் சத்தம் கடையை நிரப்பியது. இருபத்தாறு நிமிடம் மூன்றாம் தறியின் இடது ஓரம்தான். நடுவில் இரண்டு தடவை அவள் பின்னால் வந்து நின்றாள். வாய் அசைந்தது, தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தறி வீடுகளில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். தன் உதட்டைப் பார்த்து அவளே சொன்னாள்: "தண்ணி வந்துருச்சுங்கிறேன்."

நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி வரை இப்படியே போய், டேப்பு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கட்டம் கட்டமாகப் படம் கலைந்தது. மடிப்பு விழுந்த இடம். படம் திரும்பியபோது தறிகள் நின்றுகொண்டிருந்தன. கரண்ட் போயிருந்தது. கரண்ட் போனால் நான்கும் ஒரே நொடியில் நிற்கும். ஆனால் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரல் உடனே இறங்காது. தறிக்கு மேலே கேட்க வேண்டும் என்று எடுத்த சத்தத்திலேயே அடுத்த வாக்கியம் வந்துவிடும். தறி வீடு எல்லாவற்றிலும் அப்படித்தான்.

"எத்தனை தடவை கத்துறது? குடத்தைத் தூக்க வாரீகளா இல்லையா?"

நண்பன் தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தான். எதிர்க் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். டிவியில் அவளே அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு பதிவு முடிந்தது.

இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளும் வாயில் கை வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்கண்ணே."

ஐந்து தடவை போட்டான். ஐந்தாம் தடவைக்குப் பிறகு என்னிடம், "அன்னைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து டைரியைப் பார்த்தேன். அன்றைக்கு 'காலை 10.40 முதல் 12.15 வரை கரண்ட் இல்லை' என்று இருந்தது. குடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அந்த ஒரு வரியை நண்பன் என் போனில் மணிச் சத்தமாக வைத்துக் கொடுத்தான். இப்போது அவள் பாத்திரத்தைத் தட்டுவதில்லை. அடுப்படியிலிருந்து எனக்குப் போன் அடிக்கிறாள். தறி ஓடும்போது சட்டைப்பையில் அதிர்வது மட்டும் தெரியும். அமாவாசையன்று எண்ணெய்க் கேனோடு தறிக்கு அடியில் குனிந்திருக்கும்போது கூடம் முழுக்கக் கேட்கும். நான் போனை எடுக்கக் கூடாது, அந்தக் குரல் அடுப்படியில் அவளுக்கும் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. போன் மூன்றாவது தடவை கத்தத் தொடங்கும்போது கேனை வைத்துவிட்டுப் போகிறேன்.