ஐந்து அணிகளின் முன்னோட்டமும் அண்ணாவின் ஆறாவது அணியும்

உங்களுடைய அப்பா எந்தக் கல்லூரி?

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்குப் பதில் நுனி நாக்கிலேயே இருக்கும். கல்லூரியின் பெயர், படித்த காலம், அந்தக் காலத்தில் உதைபந்தாட்டத்தில் யாரை எத்தனை கோலால் வென்றார் என்பது வரை சொல்வீர்கள். என் அண்ணாவிடம் அந்தப் பதில் இருக்கவில்லை. அதனால் ஒஸ்லோவில் நம்மவர்கள் நடத்தும் கல்லூரிக் கிண்ணப் போட்டியில் அவர் ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களைக் கல்லூரி என்பார்கள். அப்படி ஐந்து கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இங்கே ஐந்து அணிகள் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் மோதுகின்றன. அங்கே படித்தவர் விளையாடலாம். படித்தவரின் பிள்ளை விளையாடலாம். மற்றவர்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று கை தட்டலாம், ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடலாம்.

நினைவு மலர் என்றால் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டுமாம். சரி, தொடங்குகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தார். அப்பா கடற்றொழிலாளி. கோயிலோடு ஒட்டியிருந்த சின்னப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, ஆறாம் வகுப்புக்குப் பதிலாக வள்ளத்தில் ஏறியவர். சண்டை துரத்தி மன்னாருக்குப் போனார்கள். பிறகு அப்பா மட்டும் நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, அம்மாவையும் அண்ணாவையும் அழைத்தார். அப்போது அண்ணாவுக்கு ஏழு வயது. நான் பிறக்கும்போது பதினொன்று. அடுத்த வருடமே குடும்பம் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதிக்கு வந்தது. எனக்கு நடக்கப் பழக்கியவர், சைக்கிள் பழக்கியவர், நோர்வேஜிய மொழியில் திட்டப் பழக்கியவர் எல்லாம் அண்ணாதான். மூன்றாவதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

பதினைந்து வயதில் அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பின்னால் வருபவர்கள் பாதியில் நின்றுவிடுவார்களாம். இதைச் சொன்னது நான் இல்லை, அவரோடு ஓடி நின்றுபோனவர்கள். அந்தக் கோடையில் அவர் கல்லூரிக் கிண்ணத்தில் விளையாட ஆசைப்பட்டுத் தன் பாட்டுக்கு உதைபந்துச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். மேசையில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

"தம்பி, நீர் எந்தக் கல்லூரி?"

"நான் இஞ்சைதான் படிக்கிறன். ரொம்மன்."

"அதில்லையப்பா. அப்பா எந்தக் கல்லூரி?"

"அப்பா கடலுக்குப் போனவர்."

"அப்ப அம்மா?"

அம்மா ஒரு பெண்கள் கல்லூரியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அண்ணா பெயரைச் சொன்னார்.

"அது பொம்பிளைப் பிள்ளையளின்ர. அதுக்கு விளையாடுற ரீம் இல்லைத் தம்பி. நீர் நிண்டு பாரும், என்ன."

அண்ணா நின்று பார்த்தார். அடுத்த இருபது கோடைகளும் நின்று பார்த்தார். கையில் குறிப்பெழுத ஒரு கொப்பியோடு.

படிப்பு முடிந்ததும் லிப்ட் திருத்தும் தொழிலைக் கற்றார். ட்வெய்ட்டாவின் உயரமான மாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். லிப்டுக்குள் அகப்பட்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று கதைத்துக்கொண்டே வேலை செய்வார். பயந்துபோன ஒரு நோர்வேக்காரக் கிழவிக்கு முழு உதைபந்தாட்டப் பருவத்தையும் விவரித்திருக்கிறார். வெளியே வந்ததும் அந்தப் பாட்டி, "மஞ்சள் அணி வென்றதா?" என்று கேட்டாராம். இதுதான் அண்ணா. விளையாட விடாத போட்டியைக்கூட இன்னொருவருக்கு ஆறுதலாக மாற்றத் தெரிந்தவர். எனக்கு அந்தக் குணம் வரவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

ஒவ்வொரு சித்திரையிலும், பருவம் தொடங்குமுன், அவர் ஒரு முன்னோட்டம் எழுதுவார். யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யாருடைய முழங்கால் போய்விட்டது, யார் வெல்வார்கள். கல்லூரிப் பெயர் எழுதமாட்டார், உடுப்பின் நிறம் மட்டும். வாட்ஸ்அப்பில் போட்ட பத்து நிமிடத்தில் அது ஒஸ்லோ முழுக்கப் போய்விடும். அதே பத்து நிமிடத்தில் திட்டும் வரும். "உமக்கென்ன தெரியும், நீர் எப்ப விளையாடினனீர்?" என்று ஒருவர் கேட்டதற்கு அண்ணா போட்ட பதில்: "அண்ணை, விளையாடாததாலதான் எல்லா மட்சும் பாத்தனான்."

இந்த ஆண்டு முன்னோட்டம் மூன்று அணிகளோடு நின்றுபோயிருக்கிறது. அவருடைய போனில் இருந்தது. அதை இங்கே தருகிறேன். மிகுதியை நான் எழுதியிருக்கிறேன். கோபிக்க விரும்புபவர்கள் என்னோடு கோபியுங்கள்.

பச்சை. நடப்புச் சம்பியன். "பின்களத்தில் நால்வர். நால்வருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் மூன்று. முன்னுக்கு நிற்கும் பெடியன் வேகம், ஆனால் பந்து கிடைத்தால் முதலில் தகப்பன் நிற்கும் பக்கம் பார்ப்பான், பிறகுதான் கோலைப் பார்ப்பான். அந்த இடைவெளியில் பந்தைப் பறிக்கலாம்."

மஞ்சள். "பந்துக் காப்பாளர் லண்டனிலிருந்து வருகிறார். முதலாம் வகுப்பில் மூன்று மாதம் அந்தக் கல்லூரியில் படித்ததாகக் கடிதம் இருக்கிறதாம். நல்ல காப்பாளர். கடிதமும் நல்ல கடிதம்."

ஊதா. "சென்ற ஆண்டு கடைசி. ஆனால் குளிர்காலம் முழுக்க ஒழுங்காகப் பயிற்சி செய்தது இவர்கள் மட்டும்தான். நடுக்களத்தில் இரட்டைச் சகோதரர்கள், திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கொடுக்கிறார்கள். இந்த முறை கிண்ணம் இவர்களுக்கு." ஒருவரும் நம்பாத அணியைப் பாராட்டத் துணிந்தவர் அண்ணா. நீங்கள் அவரைக் குறை சொல்பவர் என்றீர்கள்.

இனி நான். சிவப்பு அணியில் யார் இறங்குவார் என்று அறிய வேண்டுமானால் சங்கத் தலைவரின் மருமக்களை எண்ணுங்கள். மூன்றாவது மருமகன் பந்தை உதைப்பதைவிட மத்தியஸ்தரோடு கதைப்பது அதிகம். மூன்றாமிடம் வந்தாலே பெரிய காரியம்.

வெள்ளை. பதினொரு பேர் சேர்ந்தாலே இவர்களுக்கு வெற்றி. பிள்ளைகள் எல்லாம் படிப்பென்று ட்ரொண்ட்ஹெய்ம், பேர்கன் என்று போய்விட்டார்கள். சென்ற ஆண்டு இரண்டு ஆட்டங்களை ஒன்பது பேரோடு விளையாடித் தோற்றார்கள். வேலிக்கு வெளியே அண்ணா சப்பாத்தோடு நின்றார். ஒன்பது பேரோடு தோற்கலாம், ஆனால் அவரைக் கூப்பிட முடியாது. இதை எந்த வகை மானம் என்று எனக்கு யாராவது விளங்கப்படுத்துங்கள்.

அண்ணா வேலிக்கு வெளியே சும்மா நிற்கவில்லை. தன்னைப் போலவே மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைச் சேர்த்து ஓர் அணி உருவாக்கினார். கடற்றொழிலாளரின் பிள்ளைகள், தோட்டத்து வேலை செய்தவர்களின் பிள்ளைகள், தாய் மட்டும் தமிழான யோனாஸ், தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக். கார்த்திக் முதல் நாளே கேட்டாராம்.

"ப்ரோ, எங்க அப்பா திருச்சியில காலேஜ் படிச்சவரு. நிஜமான காலேஜ், டிகிரி எல்லாம் இருக்கு. ஒத்துப்பாங்களா?"

"அது கடலுக்கு அங்காலை, ப்ரோ. கணக்கில்லை," என்றார் அண்ணா.

நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணப் போட்டியின் செயற்குழுவுக்கு விண்ணப்பம் எழுதினார். ஆறாவது அணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு முறையும் ஒரே பதில், அடுத்த வருடம் பார்ப்போம். ஐந்தாவது விண்ணப்பம் இந்தத் தை மாதம் போனது.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லிங்ஸ்ருட் செயற்கைப் புல் மைதானத்தில் தன் அணியோடு பயிற்சி செய்யும்போது அண்ணா விழுந்தார். கார்த்திக் நெஞ்சை அழுத்தினார். களைத்ததும் யோனாஸ் அழுத்தினார். அம்புலன்ஸ் வரும்வரை மாறி மாறி அழுத்தினார்கள். எழுப்ப முடியவில்லை. அண்ணாவுக்கு முப்பத்தைந்து வயது.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில், இந்த மலருக்காகப் பச்சைக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஒரு பக்கம் வந்தது. சின்னம் போட்ட கடதாசி. "எமது கல்லூரி அன்னை ஈன்றெடுத்த உதைபந்தாட்ட வீரர்" என்று தொடங்கியது. யார் செத்தாலும் அனுப்பும் அதே பக்கம், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் நான் அந்தச் சங்கத்தின் செயலாளருக்குப் போன் எடுத்தேன். கிண்ணப் போட்டியின் செயலாளரும் அவர்தான்.

"மாமா, அண்ணா உங்கட கல்லூரியில எப்ப படிச்சவர்?"

"ஐயோ பிள்ளை, அது ஒரு மரியாதைக்குப் போட்டது."

"நல்லது. அப்பிடியே கையெழுத்தும் போட்டுத் தாங்கோ, உங்கட பழைய மாணவர் எண்டு. இருபது வருசம் விளையாட விடாததுக்கும் சேர்த்து ஒரு விளக்கம் எழுதுங்கோ."

மாமா சொன்னார், "அப்ப அந்தப் பக்கத்தை எடுத்து விடுவம், என்ன பிள்ளை."

இறந்த பிறகு மூன்று நாட்கள் அண்ணா அந்தக் கல்லூரியின் பழைய மாணவராக இருந்தார். மூன்றாம் நாள் மறுபடி விலக்கிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. போன கிழமை செயலாளர் மாமா இன்னும் இருவரோடு வீட்டுக்கு வந்தார். இந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு அண்ணாவின் பெயரில் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் கொடுக்கப் போகிறார்களாம். அம்மாவும் அப்பாவும் மேடையில் வந்து கொடுக்க வேண்டுமாம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணாவின்ர ரீம் அட்டவணையில இருக்கோ?"

"அது இப்ப கஷ்டம் பிள்ளை. சட்டம் மாத்தோணும், பொதுக்கூட்டம் வைக்கோணும். அடுத்த வருசம் பாப்பம்."

நான் எழுந்து என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. இது முப்பத்தோராம் நாள் திருப்பலியிலும் கொடுக்கப்படும் மலர். அண்ணா பழக்கிய மொழி அது என்பது மட்டும் போதும்.

அவர்கள் போனபின் அப்பா மெல்லச் சொன்னார். "விடன் பிள்ளை. பெரிய பெரிய ஆக்கள், படிச்ச ஆக்கள், வீடு தேடி வந்து கேக்கினம். என்ர பிள்ளைக்கு இது பெருமைதானே."

அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. முப்பது வருடம் இந்த நாட்டில் உழைத்த மனிதர், ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு இன்னும் அவர்களுக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அப்படி நிற்க வைத்தவர்கள்மேல் இருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, எடுப்பதை நிறுத்தினார்.

"என்னப்பா பெருமை? அவன்ர பேரைக் கூப்பிட்டுக் கப் குடுக்கேக்குள்ள, அவன்ர நெஞ்சை அமத்தின பெடியள் வேலிக்கு வெளியில நிண்டு கை தட்டுறதோ? நான் மேடையில ஏறமாட்டன்."

அன்று பின்னேரம் அப்பா கார்த்திக்குக்குப் போன் எடுத்து, பயிற்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார். போய் வேலிக்கு உள்ளே ஒரு கதிரை போட்டு, முடியும்வரை இருந்தார்.

ஆறாவது அணியின் முன்னோட்டம். பந்துக் காப்பாளர் கார்த்திக் நல்ல உயரம், ஆனால் மூலையிலிருந்து உதைக்கும் கோணர் பந்துக்கு வெளியே வர யோசிப்பார். யோனாஸின் இடதுகால் இந்தப் போட்டியில் யாரிடமும் இல்லாத இடதுகால். நடுவில் அண்ணா நின்ற இடம் ஓட்டையாக இருக்கிறது, நிரப்ப ஆளில்லை. இந்த அணி கிண்ணம் வெல்லாது. நான்காவது வரும். அண்ணா இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார், தன் அணி என்று கூட்டி எழுதுபவர் இல்லை. நான்காவது வருவதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டும். கார்த்திக்குக்கும் யோனாஸுக்கும் எங்கள் குடும்பம் உயிருள்ளவரை கடமைப்பட்டிருக்கிறது. அம்புலன்ஸில் வந்து நாற்பது நிமிடம் முயன்ற, பெயர் கேட்கத் தோன்றாத அந்த இருவருக்கும் நன்றி. முப்பத்தொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்து கதவில் கொழுவிவிட்டுப் போன ரொம்மன் அயலவர்களுக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத் தந்தைக்கும், பாடல் குழுவினருக்கும் நன்றி. ட்வெய்ட்டாவிலிருந்து தடியூன்றி அடக்கத்துக்கு வந்த அந்த நோர்வேக்காரப் பாட்டிக்கு நன்றி. அஞ்சலிப் பக்கம் அனுப்பித் திரும்ப எடுத்தவர்களுக்கு நன்றி இல்லை.

நேற்று அம்மா செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். அட்டவணையில் ஆறாவது அணி இருந்தால் கிண்ணத்துக்குப் பெயர் தருவோம், இல்லாவிட்டால் தரமாட்டோம். அவ்வளவுதான், இருபது செக்கன்.

இப்போது சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. குழுவில் இருக்கும் ஒன்பது பேரும் கேட்டுவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.