ஐப்பசியில் நின்ற காற்றாடி

இப்போதெல்லாம் கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகளை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கழுத்து வலி ஒரு காரணம், அலுப்பு இன்னொன்று. போன வாரம் பஸ்ஸைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். மழைக்கு முந்திய ஐப்பசிப் புழுக்கம், பனியன் முதுகில் ஒட்டிக் கிடந்தது. கை கழுவும்போது கிரீச், கிரீச் என்று ஒரு சத்தம், கூடவே கிரீஸ் வாடை. வெளியே வந்து பார்த்தால் ஓட்டல் வாசலில் நம்ம பழைய காற்றாடி! நாலுகால் இரும்புக் கோபுரம், உச்சியில் வட்டமாகத் தகரச் சிறகுகள், பின்னால் வால். சிவப்பும் வெள்ளையும் அடித்து, ‘பாரம்பரியச் சின்னம்’ என்று பலகை வேறு. ஒரு காலில் எங்கள் பட்டறை ஒட்டுப்போட்ட இடம் பெயிண்டுக்கு மேலும் புடைத்துக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஏதோ ஒரு தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் துருப்பிடித்துக் கிடந்த இந்தக் காற்றாடியை, இந்த ஊர் மாதா கோயில் சங்கத்தார் வாங்கிவந்து போட்டார்கள். “இத ஓட வச்சுத் தாங்க. பள்ளக்காட்டுல கட்டுத தண்ணிய ஓடைக்கு இறைக்கணும்.” பட்டறையே சிரித்தது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற ஊர்க்காரர்கள், இருக்கிற தண்ணீரை வெளியேற்ற மெஷின் கேட்டால் சிரிப்பு வராதா? எல்லாம் டவுன்காரன் சிரிப்பு. கரிசல் மண் வயிறு நிறையும்வரை குடிக்கும், நிறைந்துவிட்டால் ஒரு சொட்டு உள்ளே விடாது. ஐப்பசி அடைமழையில் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மிளகாய்ச் செடி வேரழுகிச் சாய்ந்துவிடும்.

பள்ளத்தின் அடிமடியில் இருந்தது சூசையக்காளின் மிளகாய்க் காடு. கோபுரம் ஊன்ற இடம் கொடுத்ததும் அவள்தான். இரண்டு வருஷம் தொடர்ந்து செடி அழுகியதில் அவள் புருஷன் புதியம்புத்தூருக்கு, ரெடிமேட் சட்டைகளுக்கு இஸ்திரி போடப் போய்விட்டார். நாங்கள் கோபுரத்துக்குக் குழி தோண்டும்போது சொன்னாள்: “இந்த வருசம் வத்தல் வீடு வந்து சேரட்டும் தம்பி, அவிய திரும்பி வந்துருவாவ. இல்லன்னா நானும் வீட்டப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

வேலை முடிந்தது ஆடி மாதம். ஊரில் கடை வைத்திருந்த தங்கப்பழ அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

“ஏலே, ஆடியில எவனாவது புதுசு தொடங்குவானா? விளங்காதுலே.”

“அதெல்லாம் உங்களுக்கு அண்ணாச்சி. எங்களுக்கு ஏது ஆடி?” என்று சூசையக்கா சிரித்தாள்.

மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்தார். சிறகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், காற்றாடி பிடித்துக்கொண்டது பாருங்கள்! அம்மியையே நகர்த்துகிற ஆடிக்காற்றுக்குத் தகரம் எம்மாத்திரம்? சிறகு சுற்ற, உச்சியிலிருந்த பல்சக்கரம் அந்தச் சுற்றை ஏற்ற இறக்கமாக மாற்ற, நீளக் கம்பி மேலும் கீழும் போய் அடியிலிருந்த பம்பை இயக்கியது. சோதனைக்காகக் குழியில் குடம் குடமாக ஊற்றியிருந்த தண்ணீர் குபுகுபுவென்று ஓடைக்குப் போனது. அண்ணாச்சியே மனம் மாறி எல்லோருக்கும் ஓசியில் கலர் உடைத்துக் கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி வந்தது. மழை அடைத்துப் பெய்து பள்ளம் குளமாயிற்று. காற்றாடி அசையவில்லை. பழுது என்று ஆள் அனுப்பினார்கள். சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். பழுது ஒன்றுமில்லை, காற்றுதான் இல்லை. இங்கே காற்று வருகிற காலத்தில் தண்ணீர் கிடையாது, தண்ணீர் வருகிற காலத்தில் காற்று கிடையாது. இந்த ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆடியில் அது சுற்றிய அழகில் ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னம்லா” என்றார் அண்ணாச்சி. அவர் சொன்ன காரணம் வேறு. ஆனாலும் பலித்துவிட்டதே!

ஆயில் இன்ஜின் வாடகைக்குக் கேட்டுப்போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மழையென்றால் எல்லாப் பள்ளத்துக்கும் ஒரே நாளில் இன்ஜின் வேண்டும். சூசையக்கா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “சும்மா நிக்கியே, சுத்தித் தொலையேன்!” என்று காற்றாடியைத் திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, காத்து தள்ளுத கம்பிய நாம தள்ளுனா என்ன?” என்றாள்.

கம்பியை மேலே கழற்றிவிட்டுக் குறுக்கே ஒரு கடப்பாரையைக் கட்டினேன். பூசை முடிந்து வந்த சனம் மாறி மாறிப் பிடித்து ஏற்றி இறக்கியது. அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “ஏலே, மூச்சப் பிடிக்காத, விட்டு இறக்கு” என்று என்னை அதட்டிக்கொண்டே தள்ளினார். தலைக்கு மேலே காற்றாடி துரை மாதிரி சும்மா நின்றது. இரண்டாம் நாள் பொழுது சாய்கையில் தரை தெரிந்தது. கொப்புளித்த கையில் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்த சுகத்தை இன்றுவரை வேறெங்கும் அனுபவித்ததில்லை.

அப்புறம் வெயில் வந்தது. வெயில் பட்டதும் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. வேர் முன்னாலேயே அழுகியிருந்திருக்கிறது. அக்கா ஒரு செடியைப் பிடுங்கி, வேரை மோந்து பார்த்துவிட்டுத் தூரப் போட்டாள். “நாம பட்ட பாடு செடிக்குத் தெரியுமா” என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தை மாதம் பம்பைக் கழற்றப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. “அவளும் புதியம்புத்தூர் போயிட்டா, பட்டன் தைக்காளாம்” என்றார் அண்ணாச்சி. இப்போது அண்ணாச்சியும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. நாலுவழிச் சாலை ஊரை உரசிக்கொண்டு போக, பள்ளக்காடு ஓட்டலாகிவிட்டது.

சர்வரைக் கேட்டேன். “ஐப்பசியில இங்கன தண்ணி கட்டுமே?”

“கட்டும் சார். கார் நிறுத்துத இடம்லாம் முங்கிரும். சுவிட்சப் போட்டா மோட்டார் இழுத்து ஓடையில விட்டுரும்.”

அப்போதுதான் கவனித்தேன். ரோட்டோரத்து வேம்பில் ஓர் இலை அசையவில்லை. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

“இது எப்படிப்பா?”

“அதுக்குள்ளயும் ஒரு மோட்டார் வச்சிருக்கு சார். போட்டோ எடுக்கவங்களுக்காக. எல்லா நாளும் சுத்தும்.”

பஸ்காரர் ஹாரனை அமுக்கினார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐப்பசி மாதம், சூசையக்காளின் காட்டில் நின்று, சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது.