மரப்பாலத்தில் ஒரு மஞ்சள் தூண்

என் மனைவிக்கு ராசிபுரத்து நெய்யைத் தவிர வேறு நெய் நெய்யே அல்ல. தீபாவளி நெருங்கியதும், "கடைத்தெரு நெய்யில் லட்டுப் பிடித்தால் நீங்களே உட்கார்ந்து தின்னுங்கள்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தாலுகாக் கச்சேரி வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு காலித் தூக்குகளோடு சேலத்தில் பஸ் ஏறினேன். ராசிபுரம் சுமார் பதினாறு மைல். சார்ஜ் ஆறணா. தீபாவளிக்கு அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

பாதி வழியில் ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம் இருக்கிறது. யாரோ ஒரு துரை குதிரையில் போவதற்காகப் போட்டது என்று சொல்வார்கள். எந்தத் துரை, எந்தக் குதிரை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். பஸ் வந்த நாள் முதலாக அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிரயாணிகள் எல்லாரும் இக்கரையில் இறங்கி, பாலத்தை நடந்து கடக்க வேண்டும். டிரைவர் மட்டும் வெறும் வண்டியை ஓட்டி வருவார். வெயிலில் மூட்டையும் குழந்தையுமாக நடப்பதற்கு எல்லாரும் முணுமுணுப்பார்கள். நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

இந்த முறை பாலம் புதுப்பொலிவோடு இருந்தது. ஒன்றரை மாதமாகப் பழுது பார்த்திருக்கிறார்கள். பலகைகள் புதியவை, கைப்பிடி புதியது, மாற்றிய தூண்களுக்கெல்லாம் பளபளவென்று தார். ஒரே ஒரு தூண் மட்டும் மஞ்சளாக நின்றது. இக்கரைப் பக்கத்து முதல் வரிசைத் தூண் அது. ஆற்றிலிருந்து எழும்பி, பாலத்தையும் தாங்கி, கைப்பிடிக்கு மேலும் ஒரு முழம் நீண்டிருக்கும். அதுதான் முனியப்பன். சுற்றிலும் மஞ்சள் துணி, தலையில் குங்குமம். வண்டிக்காரர்கள் பாலும் எண்ணெயும் இளநீரும் அதன் தலையில் ஊற்றிவிட்டுத்தான் பாலத்தில் ஏறுவார்கள். ஏறியபின் நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் முனி அடித்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

டிரைவர் மாரப்பன் வண்டியை நிறுத்தி, "ஆரும் எறங்க வேண்டாமுங்க. பாலந்தான் புதுசாயிருச்சே" என்றார். வண்டிக்குள் ஒரே சந்தோஷம். அவர் மட்டும் வெள்ளிக்கிழமைத் தேங்காயோடு இறங்கினார். காலை நீட்டிக்கொள்ளலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

தூணை ஒட்டிக் கரையில் கிடக்கும் தேங்காய் உடைக்கிற கல்லைக் காணோம். கரைக்கு மண் நிரப்பியபோது அதையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்களாம். கைப்பிடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி செங்கோடன் இதைச் சொல்லிச் சிரித்தார். மாரப்பன் ஒரு கணம் யோசித்தார். பிறகு தேங்காயை ஓங்கித் தூணின் தலையிலேயே அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. சத்தம்கூட வரவில்லை. அது பாதிக்கு மேல் தூணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அபசகுனம் என்று பஸ்ஸில் ஒரு பெண் அலறினாள். மேஸ்திரியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிற்று. அவர் வந்து, தேங்காயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்துத் துவாரத்தில் விட்டார். குத்தவே இல்லை, சும்மா விட்டார். அது பலகை மட்டத்தைத் தாண்டிக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பாலத்தைத் தாங்குகிற உத்தரம் அந்த மட்டத்தில்தான் தூணில் பொருத்தப்பட்டிருக்கிறது. எத்தனையோ வருஷமாக ஊற்றிய பாலும் நீரும் உள்ளே இறங்கி மரத்தைத் தின்றுவிட்டிருந்தன. துணி மேலே இருந்ததால் காயவும் இல்லை, வெளியே தெரியவும் இல்லை.

"மத்த தூணையெல்லாம் மாத்தினீங்களே, இதை ஏன் விட்டீங்க?" என்றார் மாரப்பன்.

"சாமி மேல எப்படீங்க கோடாலி வெக்கறது?"

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கரையிலிருந்து ஒரு பருத்தி வண்டி பாலத்தில் ஏறிப் பாதி வந்துவிட்டிருந்தது. பொதிகளின் உச்சியில் வண்டிக்காரன் மனைவி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி, "நிறுத்து! நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நாங்களும் கத்தினோம். பாலத்தின் நடுவில் எவன் நிற்பான்? எங்கள் கூச்சலில் மிரண்ட வண்டிக்காரன் மாட்டின் வாலை முறுக்கி இன்னும் வேகமாக விரட்டினான். பலகைகள் தடதடத்தன. அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கரையோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பூசாரி எழுந்து ஓடினார். கையில் மணி. பாலத்தில் வண்டிக்கு நேர் எதிரே போய் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்து சாமி! முனியப்பன் பூசாரி நாஞ் சொல்றேன், நிறுத்து!"

மாடுகள் அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. முதல் வரிசைத் தூண்களுக்கு இன்னும் ஒரு வண்டி நீளமே பாக்கி. தாயையும் பிள்ளையையும் இறக்கி அக்கரைக்கு நடத்தினார்கள். மாடுகளை அவிழ்த்து ஓட்டிப் போனார்கள். பிறகு வண்டியைக் கயிறு கட்டிப் பின்னுக்கு இழுத்தார்கள்.

பூசாரி திரும்பி வந்து, தாமே மஞ்சள் துணியை அவிழ்த்தார். மரம் ஊறிய பிண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது. மாரப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து சந்தைங்க. கூரை மேலகூட ஆளுங்க. போக வர ஒருத்தரைக்கூட எறக்கலைங்களே" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மேஸ்திரி பூசாரியின் முன்னால் கைகட்டி நின்றார். "இப்பவாச்சும் கோடாலி வெக்க உத்தரவு குடுங்க."

"ஏனுங்க, இதை மொதல்லயே கேக்கறதுதானே?" என்றார் பூசாரி. "கரையில ஒரு கல்லை நட்டு, சாமியை அதுக்கு எறக்கிக் குடுத்திருப்பேனே. இந்தத் தூணே எங்கய்யன் காலத்துல மாத்துனதுதானுங்க."

"நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு..."

"ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஒன்றரை மாதமும் அந்த மனிதர் அதே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் அவரிடம் நெருப்புக் கேட்டிருக்கிறார்கள், தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று பஸ் திரும்பிவிட்டது. வெறும் தூக்குகளோடு வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து மனைவி வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அந்தத் தீபாவளிக்குக் கடைத்தெரு நெய்யில்தான் லட்டு.

கார்த்திகையில் மறுபடியும் போனேன். போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலை முதல் பஸ்ஸில் போனால் இடம் கிடைக்கும், நெய்யும் நல்லதாகக் கிடைக்கும். குடையும் நடக்கத் தோதான செருப்பும் அவசியம். பாலத்தில் இப்போது எல்லாத் தூணும் கறுப்பு. முனியப்பன் கரையில் கல்லாக இருக்கிறார். பாலும் இளநீரும் அவருக்கு அங்கேயே நடக்கின்றன.

மாரப்பன் வண்டியை நிறுத்தி, எல்லாரையும் இறங்கச் சொன்னார். "பாலந்தான் புதுசாச்சேங்க, இன்னும் எதுக்கு எறங்கோணும்?" என்று புதுமாப்பிள்ளை ஒருவர் சிடுசிடுத்தார். மாரப்பன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதலில் நான் இறங்கினேன்.