குடிக்காதவரின் தள்ளாட்டம்

மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த சாமிக்கண்ணுவுக்கு நாற்பத்தாறு வயதுவரை யாரிடமும் கெட்ட பெயர் கிடையாது. வடலூர்ப் பக்கத்துக்காரர். வள்ளலார் வழியில் வந்த குடும்பம். கறி, மீனே சேர்க்காதவர், சாராயத்தை எங்கே தொடப்போகிறார்? அவர் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஏற்றலாம் என்று தாய்மார்கள் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒரே காலையில் போயிற்று.

அன்று வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. கை நடுங்கியது. எப்படியோ வேனை ஓரங்கட்டிவிட்டார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் நினைவில்லை. சட்டை தொப்பலாக நனைந்து, நாக்குக் குழற ஏதேதோ உளறினாராம். பின்னால் பைக்கில் வந்த ஒரு பிள்ளையின் அப்பா கதவைத் திறந்து, "காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டான்யா!" என்று கத்தினாராம். பக்கத்துக் கடைக்காரர் ஒரு பாட்டில் கலர் சோடாவை வாயில் ஊற்ற, சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்தத் தெளிவே அவருக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது.

"பாத்தீங்களா, போதை எறங்கிடுச்சு" என்றது கூடியிருந்த கூட்டம்.

வேன் முதலாளி லியாக்கத் அலி நல்ல மனிதர். "அண்ணே, நான் உங்கள நம்புறேன். ஆனா புள்ளைங்க விஷயம். கொஞ்ச நாளைக்கு வூட்ல இருங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று சாமிக்கண்ணுவுக்கும் பட்டது.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்தார். மனைவி தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடுவதுபோலக் குனிந்தாள். குனிந்தவள் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஊர் முழுக்கப் பேசியது உறைக்காத இடத்தில் அது போய் உறைத்தது. ஆனாலும் அவளைக் கோபிக்க முடியவில்லை. தனக்கே தெரியாமல் தான் எதையாவது செய்துவிடுகிறோமோ என்று அவருக்கே ஒரு பயம் வந்திருந்தது.

அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை. பெரும்பாலும் விடிந்து எழும் நேரத்தில் வரும். பக்கத்துக் கிளினிக்கில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம்தான் ஜாஸ்தியானது. ஏதாவது தின்றால் மட்டும் சரியாகிறது என்பதைத் தில்லையம்மாள் கண்டுகொண்டாள். பன்னும் பிஸ்கட்டுமாகக் கையிலேயே வைத்திருந்தாள். ஆள் ஊதிப்போனார். "வேல இல்லாம தின்னே கொழுத்துட்டான்" என்றது தெரு.

சிதம்பரத்தில் இருந்த மச்சான் பொன்னுரங்கம் ஒரு கடையில் வேலை பேசி வைத்திருந்தான். அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். அவசரத்தில் பிஸ்கட் பை வீட்டிலேயே தங்கிவிட்டது. புதுச்சத்திரம் தாண்டியதும் அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. முட்லூரில் எழுந்து நின்று முன் சீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இந்த மாதிரி ஆள ஏம்மா பஸ்ல கூட்டிக்கினு வர?"

"ஐயோ, அவரு குடிக்க மாட்டாருங்க. ஒடம்பு சரியில்லீங்க" என்று தில்லையம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

அவசரப் பிரிவில் இருந்த அருள்மொழி என்ற டாக்டரம்மா வாயை மோந்து பார்க்கவில்லை. விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். எழுபதுக்குக் கீழே போகக்கூடாத சர்க்கரை, முப்பத்திரண்டு. உடனே குளுக்கோஸ் ஏறியது. சாமிக்கண்ணு கண் விழித்தார். எதிரே வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, "நான் குடிக்கலீங்க."

"தெரியும் ஐயா. படுத்திருங்க."

அவ்வளவுதான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, அவரை வார்டில் வைத்து வேண்டுமென்றே பட்டினி போட்டார்கள். பக்கத்திலேயே நர்ஸ், அவர் கையில் குளுக்கோஸ் ஏற்றத் தயாராகக் குழாய். மறுநாளே சர்க்கரை சரிந்தது. அந்த நேரத்து ரத்தத்தில், இருக்கவே கூடாத அளவுக்கு இன்சுலின். ஸ்கேன் எடுத்ததில், வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில், தலைப்பக்கமாக, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவது அரிதாம். உடம்புக்கு வேண்டுமோ வேண்டாமோ, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"இத்துனூண்டுதான? கிள்ளி எடுத்துடலாமில்ல டாக்டர்?" என்று கேட்டாள் தில்லையம்மாள்.

"முடிஞ்சா அதான்மா செய்வோம்" என்றார் அறுவை மருத்துவர் அந்தோணிசாமி. "ஆனா இது கணையத்துக் குழாய ஒட்டிக்கினு இருக்கிற மாதிரி தெரியுது. தொறந்து பாத்துதான் சொல்ல முடியும். ஒட்டியிருந்தா கணையத்தோட தலை, சிறுகுடலோட ஆரம்பம், பித்தப்பை எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டு, மிச்சத்தக் குடலோட இணைக்கணும். பெரிய ஆபரேஷன். உயிருக்கு ஆபத்தே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

சாமிக்கண்ணு மனைவியைப் பார்த்தார். "வுட்டா இப்படியே தள்ளாடிக்கினே சாவணும். பண்ணிடலாம் தில்ல."

காலையில் உள்ளே கொண்டுபோனவரைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கட்டி குழாயோடு இறுகிக் கிடந்ததால் பெரிய ஆபரேஷனே செய்யவேண்டி வந்தது. "கட்டிய எடுத்த கொஞ்ச நேரத்துலயே சர்க்கரை தானா ஏற ஆரம்பிச்சுது" என்று சொன்ன டாக்டர் முகத்தில் களைப்பை மீறி ஒரு சிரிப்பு.

ஆனால் சோதனை அத்தோடு விடவில்லை. தைத்த இடத்தில் கணையநீர் கசிந்து, காய்ச்சல் கண்டது. விலாவில் சொருகிய குழாயோடு வாரக்கணக்கில் கிடந்தார். மூக்கு வழியாகத்தான் ஆகாரம். ஒரு மதியம், "என்ன வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடு, போதும்" என்று சிறுபிள்ளைபோல மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, பஸ்ல அத்தன பேருகிட்டயும் நான் கும்பிட்டது இப்படிப் பாதியில வுட்டுட்டுப் போறதுக்கா?" என்றாள் அவள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கசிவு மெல்லக் குறைந்து நின்றது. முதன்முதலாக வாய் வழியாகக் கொடுத்த அரிசிக் கஞ்சியை ஒரு கிண்ணம் குடிக்க வெகுநேரம் ஆயிற்று. இனி எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், சாப்பாட்டோடு செரிமான மாத்திரையும் போட வேண்டும். ஊதியிருந்த உடம்பு வற்றி, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக்கொடுத்த பிறகு, லியாக்கத் அலி வேன் சாவியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். சில பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறியிருந்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. மற்ற பிள்ளைகளை ஏற்றப் போனபோது, ஒரு வீட்டு வாசலில் பிள்ளையின் அம்மா தயங்கியபடி, "ஒங்களுக்கு என்னாண்ணே ஆச்சு? சக்கர வியாதியா?" என்று கேட்டாள்.

"அதுக்கு நேர் எதிரும்மா" என்றார் சாமிக்கண்ணு.

"அப்படிக்கூட ஒண்ணு இருக்கா?"

"எனக்கும் தெரியாதும்மா. எனக்குன்னு வந்தப்பறம்தான் தெரிஞ்சுது."

பிள்ளை ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, வண்டியை எடுத்தார்.