காலி வைரஸின் படம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்கும் காளிக்கும் நடுவே சட்டம் போட்ட பச்சைப் படம் ஒன்று இருக்கிறது. போன விஜயதசமிக்கு இனிப்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா, என்ன சாமி என்றுகூடக் கேட்காமல் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அது சாமி இல்லை. என் அக்கா மகளின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். அவற்றுக்குள் நான் செலுத்திய வைரஸ்தான் அப்படிப் பச்சையாக ஒளிர்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து லேக் கார்டன்ஸில் வீடு எடுத்தார்கள். நான் ஆராய்ச்சிக்கு இதே ஊருக்கு வந்தபோது அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். பாப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, நடையும் தாமதம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஜீனில் பிழை என்றார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஜீன். அக்கா அதைத் தெய்வச் செயல் என்றாள்.

அந்த ஜீன் செய்கிற வேலையை அக்காவுக்கு அவளுடைய பீரோவைக் காட்டித்தான் விளக்கினேன். செல்லுக்குள் டி.என்.ஏ. முழுவதும் இறுக்கிச் சுருட்டி அடைத்து வைக்கப்பட்டிருக்கும். தேவையான சேலையை எடுக்க அந்த அடுக்கைத் தளர்த்திக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களைப் பாப்பாவின் உடம்பு பாதி அளவுதான் தயாரிக்கிறது. நாங்கள் செய்ததெல்லாம், நோய் தரும் சரக்கைக் கழற்றிவிட்ட ஒரு வைரஸில் பிழையில்லாத ஜீனை ஏற்றி, கிண்ணத்தில் வளரும் செல்லுக்குள் அனுப்பிப் பார்ப்பது.

"இது மருந்து இல்லக்கா. கிண்ணத்துல வச்சுப் பாக்குறது. பாப்பா மூளை உன் வயித்துக்குள்ளயே உருவாயிட்டு. இனிமே இந்த ஜீனக் குடுத்தாலும் போனது திரும்பாது" என்று முதல் நாளே சொன்னேன். பிறகும் எத்தனையோ முறை சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மதியச் சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுப்பாள்.

மருத்துவமனை அனுமதியோடு பாப்பாவின் தோல் துணுக்கு ஆய்வகத்துக்கு வந்தது. வேலையில் ஆரம்பத்திலேயே இடித்தது. எங்கள் ஜீன் மிக நீளம், வைரஸோ சின்னது. பீரோவை ஆட்டோவில் ஏற்றுகிற கதைதான். ஏற்றினாலும் வண்டி நகராது. துர்கா பூஜை நாட்களில் ஊரே மூடிக் கிடக்கும், செல்களுக்கு விடுமுறை கிடையாது. அஷ்டமியன்று பவானிபூரில் பந்தல் கூட்டத்துக்காகப் பேருந்தைத் திருப்பிவிட்டார்கள். புதுச் சேலைகளுக்கும் தாக் மேளச் சத்தத்துக்கும் நடுவே மிதிபட்டு நடந்துபோய், செல்களுக்கு ஊட்டக் கரைசல் மாற்றிவிட்டு வந்தேன். வைரஸ் பட்ட எல்லாவற்றையும் பிளீச்சில் ஊற வைத்துத்தான் கொட்ட வேண்டும். அந்த வாசம் கையில் இருக்கும் நாட்களில் பாப்பா என் கையைப் பிடித்துத் தள்ளிவிடுவாள்.

எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்திலேயே ஒரு காலி வைரஸையும் வைப்பது எங்கள் வழக்கம். அதில் ஜீன் இருக்காது, வைரஸ் உள்ளே போனதைக் காட்டும் ஒளிரும் பச்சை மட்டும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. சுமை இல்லாததால் அது சுலபமாக உள்ளே போய்விடும். கிண்ணம் முழுக்கப் பச்சை. ஜீன் ஏற்றிய வைரஸ் போட்ட கிண்ணத்தில் இருட்டு. தேடிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாக ஏதோ தெரியும்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் போனில் இருந்த படத்தை அத்தான் பார்த்துவிட்டார்.

"இது நம்ம பாப்பா செல்லா?"

"ஆமா அத்தான். ஆனா இது காலி வைரஸ். ஜீன் வச்சது இது இல்ல."

"வைரஸ் உள்ள போயிருக்குல்லா?"

"போயிருக்கு. ஆனா அதுக்குள்ள ஒண்ணும் கெடையாது."

"சரி சரி" என்று சொல்லிக்கொண்டே படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது சட்டத்துக்குள் வந்து அலமாரியில் ஏறிவிட்டது. நான் கத்தினேன். கணக்கில் ஒரு காசு பிசகினாலும் தூங்காத மனுஷன், அன்றைக்கு மட்டும் காது கேட்காதவர் போல ஊதுபத்தியை ஏற்றினார். இருட்டுக் கிண்ணத்தின் படத்தை யாரும் கேட்கவில்லை.

ஜீனை வெட்டிச் சுருக்கிப் பார்த்தோம். உள்ளே போனது, ஆனால் வேலை செய்யவில்லை. இதற்குள் பாப்பாவின் செல்கள் கிழடு தட்டிப் பெருகுவதை நிறுத்திவிட்டன. உறைய வைத்திருந்த குப்பிகளும் தீர்ந்தன. ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடம் நல்லவர். நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எபார் பந்தோ கொரோ" என்றார். இனி நிறுத்து என்று வங்காளத்தில் அவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. இன்னொரு முறை அந்தக் குழந்தையின் தோலைக் கிள்ளி வாங்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. எதற்கென்று வாங்குவது?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே இல்லியா?"

"இல்லக்கா. இது நடந்திருந்தாலும் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நான் முதல்லயே சொன்னேன்ல."

"சொன்ன. ஆனா தெனமும் போனேல்லா" என்றாள். "ஒண்ணுமே இல்லாததுக்கு ஒருத்தி பூஜை அன்னைக்கும் போவாளாட்டி?"

அவள் நறுக்கியதை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள்.

"நாளைக்கும் போவியா?"

"போகணும்."

"எதுக்கு?"

"மிச்சம் இருக்கிற செல்லெல்லாம் அழிக்கணும். பிளீச் ஊத்தி."

"அவளோடதையுமா?"

"அவளோடது மட்டும்தான்க்கா இருக்கு."

மறுநாள் போனேன். கிண்ணங்களில் பிளீச்சை நானே ஊற்றினேன், வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லை. ஊட்டக் கரைசலின் சிவப்பு வெளுத்தது. மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா அலமாரியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். படத்தை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவிவிட்டுப் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் முகத்தருகே கொண்டுபோனாள். ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு தள்ளிவிட்டாள்.