தாம்பாளத்தில் போன அட்டை

மாலை ஆறு மணிக்கு மேல் திருச்சியிலிருந்து வரும் பேருந்து கீரனூர் நிறுத்தத்தில் நின்றால், நாகராசு படிக்கட்டையே பார்ப்பார். கடைசி ஆள் இறங்கியதும் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போகலாம்" என்பார். நடத்துநர்கள் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள்.

வயது அறுபத்து மூன்று. புதுக்கோட்டை–திருச்சி தடத்தில் ஒரு தனியார் பேருந்தில் 1986 முதல் 2019 வரை நடத்துநராக இருந்தார். வீட்டுக் கூடத்தில் நிற்கும்போதும் வண்டி ஆடுகிறது என்ற நினைப்பில் கால்களை அகட்டியே நிற்பார். மின்கட்டணச் சீட்டோ கல்யாணப் பத்திரிகையோ, எந்தத் தாள் கைக்கு வந்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். பந்திக்கு முன்னால் கூட்டம் நெருக்கினால், "உள்ள தள்ளிப் போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று குரல் கொடுப்பார். மனைவி அழகி சொல்வாள்: "இவுக வண்டிய விட்டு எறங்கி ஆறு வருசமாச்சு. வண்டிதான் இவுகள விட்டு எறங்கல."

அவருக்கு ஒரு பொற்காலம் உண்டு. மகள் ஹரிணி திருச்சிக் கல்லூரிக்குப் போய்வந்த மூன்று வருடம். காலை ஏழே கால் வண்டி, அப்பாவின் வண்டி. மகள் என்பதற்காக ஒருநாளும் சும்மா ஏற்றியதில்லை. சொந்தச் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துத் தோல்பையில் போட்டு, சீட்டைக் கிழித்து நீட்டுவார். அவளும் யாரோ ஒரு பயணியைப் போல வாங்கிக்கொள்வாள். மாத்தூர் தாண்டினால் கூட்டத்தில் அவர் முகம் தெரியாது; விசில் மட்டும் கேட்கும். அந்த விசிலை வைத்தே அப்பா இன்று சாப்பிட்டாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். "அந்த மூணு வருசந்தான் நான் ஆசையா வேலைக்குப் போனேன். மத்ததெல்லாம் பொழப்புக்குப் போனது" என்பார்.

ஹரிணிக்குத் திருச்சியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்ததும், அலுவலக மருத்துவக் காப்பீட்டில் அப்பா, அம்மா பெயர்களைச் சேர்த்தாள். நாகராசுவின் படம் போட்ட அட்டை வந்தது. அன்றிலிருந்து மகளின் நிறுவனம் அவருக்கு "எங்க கம்பெனி". போன வருடம் நெஞ்சுவலி வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது அந்த அட்டைதான் காப்பாற்றியது. இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறது, இந்த வருடக் கடைசிக்குள் பார்த்துவிட வேண்டும் என்றார் மருத்துவர்.

இந்த வருடம் ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் ஹரிணிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சிவபிரகாஷ் அன்னவாசலில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். மாமியார் சொர்ணவல்லி ஓய்வு பெற்ற கிராம செவிலியர், மாமனார் இல்லை. கல்யாணமானதும் காப்பீட்டில் கணவன் பெயரைச் சேர்க்க வேண்டும். கூடவே, தன்னைப் பெற்றவர்களா, கணவனைப் பெற்றவர்களா, ஒரு பக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது அலுவலக விதி. முப்பது நாளுக்குள் சொல்லிவிட வேண்டும்.

நாகராசு யோசிக்கவே இல்லை. "ஒங்க அத்தை பேரைப் போட்டுரு, தாயி. கட்டிக்குடுத்த பொண்ணு சம்பாத்தியத்துல நான் வைத்தியம் பாத்தா நல்லாவா இருக்கும்? பேரப்புள்ள பொறக்குறவரைக்கும் சம்மந்தி வீட்டுல கையே நனைக்கக் கூடாதுங்கிறோம். லேடீஸ் வந்து நின்னா எந்திரிச்சு எடம் விடணும்."

"இது பஸ் இல்லப்பா. ஒருதடவை எந்திரிச்சா திரும்ப ஒக்கார விட மாட்டாங்க."

அவர் கேட்கவில்லை. ஆடி முதல் தேதி, மகளைச் சீர் வைத்து அழைத்துவர அன்னவாசல் போனார். தாம்பாளத்தில் சேலை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்து, அடியில் தன் காப்பீட்டு அட்டையையும் வைத்துச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அட்டை கைமாறினால் சலுகையும் கைமாறிவிடும் என்று நினைத்தார். இறங்கும் பயணி தன் இடத்தை இன்னொருவருக்குக் காட்டிவிட்டுப் போவதைப் போலத்தான் அதுவும் அவருக்கு.

கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது, இரண்டு பேருந்து மாறி சொர்ணவல்லி கீரனூர் வந்து இறங்கினார். கையில் அதே தாம்பாளம், மேலே புது வேட்டி, பழம், வெற்றிலை.

"வாங்க தங்கச்சி" என்று நாகராசு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் வெற்றிலைக்கு நடுவில் தன் முகம் தெரிந்தது.

"இது ஒங்களுக்கு வச்சதாச்சே."

"எனக்குத்தான் கவர்மெண்டு பென்சன்காரங்க வைத்திய அட்டை இருக்கே, அண்ணே. இன்னொன்னை வச்சு விசிறிக்கவா? அதுவும் ஒங்க படம் போட்டது. ஆஸ்பத்திரியில நீட்டுனா, மீசைய எங்க வச்சுட்டு வந்தீங்கம்மான்னு கேப்பான்."

அடுப்படியில் அழகி சிரித்தது கேட்டது. நாகராசு சிரிக்கவில்லை. "இல்ல தங்கச்சி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல..."

"நானும் மொறையத்தான் சொல்றேன். வெத்தலை பாக்கோட குடுத்ததை ரெண்டு கையால வாங்கிட்டீங்க. இப்பத் திருப்பிக் குடுத்தா எங்க வீட்டுச் சீரைத் திருப்புனதாத்தான் அர்த்தம். குடுங்க பாப்போம்."

அவர் தாம்பாளத்தோடு நின்றார். கொடுக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

"பேரப்புள்ள பொறந்தாத்தான் எங்க வீட்டுல சாப்புடுவேங்கிறீங்க" என்றார் சொர்ணவல்லி, இப்போது குரலைத் தணித்து. "சரி, நல்ல மொறைதான். அதுவரைக்கும் நீங்க இருக்கணும்ல?"

கூடத்தின் மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டிருந்த ஹரிணி நிமிரவில்லை. "இன்னொண்ணும் இருக்குப்பா. நீங்க எந்திரிச்சா அம்மாவும் சேந்து எந்திரிக்கணும். ஒங்க பேரை மட்டும் எடுக்க முடியாது. அம்மா பேரும் போயிரும்."

நாகராசுவுக்கு இது தெரியாது. அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"எனக்கென்ன" என்றாள் அழகி உள்ளிருந்தே. "நான் நல்லாத்தான இருக்கேன்."

அவள் மூட்டுவலித் தைலத்தின் வாசனை கூடம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நாகராசு தாம்பாளத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இப்ப என்ன செய்யணும், தாயி?"

"புது அட்டைக்குப் புதுப் படம் வேணும்பா. ரெண்டு பேருக்கும்."

அவர் கொல்லைக்குப் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. முகம் கழுவி, திருநீறு பூசி, வெளுத்த சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்து, வாசல் வெளிச்சம் விழும் சுவரோரம் நின்றார். ஹரிணி கைப்பேசியைத் தூக்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போனார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்த அழகியைத் தோளைப் பிடித்துத் தான் நின்ற வெளிச்சத்தில் நிறுத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டு, படத்தில் விழாத தூரத்துக்குத் தள்ளிப்போய் நின்றார்.